கம்பளிக்கு முதல் கை

சால்வை ஊட்டிக்குப் போறதுக்குங்களா தம்பி? இப்படிக் குடுங்க பாப்போம். அட குடுங்க, கடிச்சுத் திங்க மாட்டேன். கையில தொட்டாலே எனக்குச் சங்கதி தெரிஞ்சுரும். ம்ம். பாதி கம்பளி, பாதி பாலியஸ்டர். முழுக் கம்பளின்னு சொல்லித்தான வித்தான்? நெனச்சேன். சாயம் மட்டும் பரவால்ல, நல்லாக் கொதிக்க வெச்சுப் போட்டிருக்கான். கொதிக்காத சாயத்தை நான் சாயம்னே ஒத்துக்க மாட்டேன். இந்தாங்க, புடிங்க. என்னத்துக்கு அதையே தொடச்சுத் தொடச்சுப் பாக்கறீங்க? தேங்காயெண்ணெய்தான், ஒண்ணும் ஆவாது.

நமக்குக் கெமிக்கல் யாவாரங்க. ஈரோட்டுல கடை. சாயப்பட்டறைக்கு வேணும்கற ஆசிடு, குளோரின், சோப்பு, சாயம் திட்டுத்திட்டா ஏறாம ஒரே சீரா ஏறறதுக்கு ஊத்தற மருந்து, எல்லாம் நம்ம ட்ரம்முலதான் போவும். பவுடரைத் தொட்டுத் தொட்டு உள்ளங்கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. அதுக்குத்தான் வெடியால எந்திரிச்சதும் எண்ணெய் தேச்சுக்கறது. கையை நாம பாத்துக்கிட்டாத்தான அது நம்மளப் பாத்துக்கும்.

அதுலயும் என்ற கை சாதாரணக் கை இல்லீங்க. பெருந்துறைப் பக்கம் போயி சென்னியப்பன் கைன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. இல்லீங்க, நான் அவிநாசிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். நாயமாப் பாத்தா பெருந்துறைல எறங்கோணும். இன்னிக்கு எறங்க மாட்டேன். ஏன்னு கேக்கறீங்களா? கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன், நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தா பிரசர் ஏறுது.

பெருந்துறையத் தாண்டி அக்கட்டால என்ற அக்கா வூட்டுக்காரருக்குப் பட்டறைங்க. நாச்சிமுத்து மச்சான். நல்ல மனுசன், பேச வராது, அதுக்கும் சேத்து எங்கக்கா பாப்பாத்தி பேசிக்கும். ஊரெல்லாம் பருத்திக்குச் சாயம் போட்டா அவிய கம்பளி நூலுக்குப் போடறாங்க. ஆரம்பிச்ச புதுசுல மொதத் தொட்டியே ஊத்திக்கிச்சு. நூலு புலித்தோலாட்ட வரி வரியா வந்துச்சு. அக்கா அழுதுட்டு ஆளனுப்புச்சு. நான் போனேன், சாமி கும்பிட்டேன். நூலைச் சுத்திச் சுத்திக் கட்டி வெச்சிருப்பாங்களே சிட்டம், அதை ஒவ்வொண்ணாத் தடவிக் குடுத்து, ஒரு தட்டுத் தட்டி, தொட்டில எறக்குனேன். கண்ணாடியாட்ட வந்துச்சு. நம்ம கடை மருந்தும் ஒரு கேன் ஊத்துனோம்னு வெய்யுங்க, ஆனா மருந்து எல்லாரும்தான ஊத்தறாங்க? கைதான் தம்பி. கைராசி.

அன்னைல இருந்து அங்க புதுத் தொட்டி வெச்சாலும் சரி, புது ஆர்டரு புடிச்சாலும் சரி, முதல் கை தாய்மாமன் கை. நான் வராம பாய்லரைப் பத்த வெக்க மாட்டாங்க. ஒருக்கா நான் காய்ச்சல்ல படுத்துக்கிட்டேன், எந்திரிச்சுப் போற வரைக்கும் பட்டறையே சும்மா கெடந்துச்சு. அப்பேர்ப்பட்ட மருவாதி. அந்த மருவாதியை ஒரு பொட்டப்புள்ள கெடுத்துப்போட்டா.

யாரா? அக்கா மவதான். தாரணி. நான் தோள்ல தூக்கி வளத்த புள்ள. மொட்டை போட்டது என்ற மடில, காது குத்துனது என்ற மடில. அது கோயமுத்தூர்ல போயி துணி இஞ்சினீரிங் படிச்சுச்சு. படிச்சா என்ன பண்ணோணும்? ஒரு நல்ல எடத்துல கட்டிக்கிட்டுப் போவோணும். இது பட்டறைக்கு வந்து ஒக்காந்துக்கிச்சு. வந்ததும் வராததுமா குளோரின் வேண்டாம்ங்குது, ஒடையில போயிக் கலக்குது, அந்தத் தண்ணியத் தொட்டா மாடு கூட மூஞ்சியத் திருப்புதுங்குது. நான் சிரிச்சுக்கிட்டேன். மாட்டுக்கு எதுக்கு கம்பளிப் பட்டறைப் பேச்சு?

அப்பறம் ஒரு மெசினைக் கொண்டாந்து எறக்குச்சு. பாக்கறதுக்கு இரும்புப் பீரோ. முன்னால வட்டமா ஒரு கண்ணாடி. உள்ள நூலை வெச்சு, கதவைச் சாத்தி, காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, கொஞ்சூண்டு வாயுவை விட்டு, கரண்ட்டைக் குடுக்கறது. கண்ணாடி வழியாப் பாத்தா கத்திரிப்பூக் கலர்ல வெளிச்சம் எரியும். பிளாஸ்மாவாம். எனக்குப் பிளாஸ்மான்னா ரத்தத்துல இருக்கறதுதான் தெரியும், டெங்கு வந்தா ஏத்துவாங்க. ஆட்டு மசுருக்கு எதுக்கு அது? கேட்டேன். பட்டறைல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. அந்தப் புள்ளையும் சிரிச்சுச்சு, அப்பத்துக்கு.

அது சொன்னதை அப்படியே சொல்றேன், ஒரு பக்கமாப் பேசுனேன்னு வரக்கூடாது. "மாமா, கம்பளி மசுரு மேல மீனுக்கு இருக்கறாப்புல செதில் செதிலா இருக்குது. அதுக்கு மேல மெல்லிசா ஒரு கொழுப்புத் தோலு. அதனாலதான் தண்ணி உள்ள எறங்காம உருண்டு ஓடுது. நாம குளோரினை ஊத்தி அரிக்க விடறோம், மணிக்கணக்காக் கொதிக்க விடறோம். இந்த வெளிச்சம் அந்தத் தோலை மட்டும் உரிச்சு விட்டுரும். அப்பறம் சாயம் தானா உள்ள போவும், கொதிக்கவே வேண்டாம்." சொல்லிட்டு ரெண்டு சிட்டம் எடுத்து வெச்சு, சொட்டுத் தண்ணி விட்டுக் காட்டுச்சு. பழைய நூல் மேல சொட்டு முத்தாட்ட நின்னுக்கிச்சு. மெசின்ல வெச்சு எடுத்த நூல்ல பட்டுனு காணாமப் போயிருச்சு.

மச்சான் வாயைப் பொளந்துட்டாரு. நான் சொன்னேன், இதுல என்ன அதிசயம், நம்ம சோப்பை ஊத்துனாலும்தான் தண்ணி எறங்குது, அதுக்குக் கரண்ட்டு பில்லு கட்டோணுமான்னு. என்ற ட்ரம்மு விக்காமப் போயிருமேன்னு பேசுனதா நெனைக்காதீங்க. என்ற சரக்கு வேற பட்டறைக்கும் போவுது. நாயத்துக்குப் பேசுனேன்.

மச்சான் ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. "ஒரு தடவை போட்டுக் காட்டு கண்ணு. ஆர்டரு குடுக்கற திருப்பூர்க்காரர் கண்ணு முன்னால ஒரே சீரா வந்துச்சுன்னா பட்டறையை நீயே பாத்துக்க. வரலீன்னா மெசினு திரும்பிப் போவோணும், நீயும் நாங்க பாக்கற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிரோணும்." புள்ள சரின்னுச்சு. மூஞ்சில ஒரு பயம் இல்ல. எனக்கு அதுதான் ஆவல. பெரியவங்க முன்னால கொஞ்சமாச்சும் பயம் வேண்டாமுங்களா?

போன் அடிக்குது. அக்காதான். அடிக்கட்டும், எடுக்க மாட்டேன். நீங்க கேளுங்க.

அந்த நாளு வந்துச்சு. பூசை, தேங்காய், சூடம், எல்லாம் முறைப்படி. நான் குளிச்சு, எண்ணெய் தேச்சு, நெத்தி நெறைய துண்ணூறு பூசிட்டுப் போறேன். போனா, இவ நூலை மெசின்ல இருந்து எடுத்து எடுத்துப் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வெக்கறா. கையில கிளவுசு. ஆஸ்பத்திரியாட்ட. "மாமா, நீங்க தொட்டியைத் தொட்டுக் கும்புடுங்க, நூலைத் தொட வேண்டாம்"ங்கறா. அத்தனை பேருக்கு முன்னால! திருப்பூர்க்காரன் நிக்கறான், வேலைக்காரங்க நிக்கறாங்க, எங்கக்கா தட்டைப் புடிச்சுட்டு நிக்குது. தாய்மாமனைப் பாத்து நூலைத் தொடாதேங்கறா!

நான் தொட்டியை மட்டும் தொட்டுக் கும்புட்டேன். பெரிய மனுசன் பேசக்கூடாது. அவ சாயத்தண்ணி சூடு பாக்க அக்கட்டால போனா. எங்கக்கா என்னைப் பாத்துச்சு, நான் எங்கக்காளைப் பாத்தேன். தாளை விலக்கினேன். எப்பவும் போலத்தான், ஒவ்வொரு சிட்டமாத் தடவிக் குடுத்தேன், தட்டிக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் ரெண்டு கையிலயும் இறுக்கிப் புடிச்சு, ஆத்தா, என்ற அக்கா குடும்பம் நல்லாருக்கோணும்னு வேண்டிக்கிட்டேன். சத்தியமா வேண்டிக்கிட்டேன் தம்பி. மெசினு கெட்டுப் போவோணும்னு வேண்டல. திரும்பத் தாளை மூடி வெச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுக்கிட்டேன்.

போட்டாங்க. கருநீலம். கொதிக்கல, பாத்துக்குங்க, ஆவி கூட ஒழுங்கா வரல. சோப்பு இல்ல, மருந்து இல்ல. சுடுதண்ணில குளிப்பாட்டறாப்புல இருந்துச்சு. ஆனா சாயம் ஏறுன வேகம் இருக்கே, அதை நான் மறைக்கக்கூடாது, தொட்டித் தண்ணி வெறுந்தண்ணியா வெளுத்துப் போச்சு. அவ்வளவையும் நூலு குடிச்சுருச்சு. அந்தப் புள்ள என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு. அப்பறம் நூலை வெளிய எடுத்தாங்க.

திட்டு! சிட்டத்துக்குச் சிட்டம் வெளுத்த திட்டு! நல்ல கருநீலத்துக்கு நடுவுல, தேமல் விழுந்தாப்புல. திருப்பூர்க்காரன் ஒரு பார்வை பாத்துட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டான். மச்சான் கணக்கப்பிள்ளையைக் கூப்புட்டு மெசின்காரனுக்குப் போன் போடச் சொன்னாரு. அவ அந்த நூலைக் கையில வெச்சுட்டு அப்படியே ஒக்காந்துட்டா. நான் போயி தலையைத் தடவி, விடு கண்ணு, காசு போனா வரும், மானம் போவறதுக்குள்ள தெரிஞ்சுதேன்னு ஆறுதல் சொன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்?

அதுல ஒரு சிட்டத்தை நான் எடுத்துக்கிட்டேன். ஈரோட்டுல ஒரு பட்டறை விடல, கொண்டு போயி காட்டுனேன். பாத்துக்குங்கய்யா, பிளாஸ்மா பிளாஸ்மான்னு எவனாச்சும் வந்தா ஏமாந்துராதீங்கன்னு. இந்தப் பையிலதான் இருக்குது, நீங்களும் பாருங்க. பாத்தீங்களா? இங்க நாலு கோடு, இக்கட்டால தடியா ஒண்ணு, நடுவுல பெருசா ஒரு திட்டு. மெசினு பண்ணுன லட்சணம்!

ஏன் தம்பி என்ற கையைப் பாக்கறீங்க?

நீங்களும் அதையேதான் நெனைக்கறீங்க. டீக்கடைல ஒருத்தன் சொன்னான், "என்னுங்க சென்னியப்பண்ணா, யாரோ புடிச்ச புடியாட்ட இருக்குது"ன்னு. அவங்கூட நான் பேசறதில்ல. எனக்கு மட்டுமா அஞ்சு விரலு இருக்குது? உங்களுக்கில்லியா? அந்தத் திருப்பூர்க்காரனுக்கு இல்லியா?

அதுக்கப்பறம் ஒருநா அவ என்ற வூட்டுக்கே வந்துட்டா. காப்பித்தண்ணி கூடக் குடிக்கல. "மாமா, அந்தச் சிட்டத்தைக் காட்டுங்க"ன்னா. காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தா. "கையை நீட்டுங்க மாமா"ன்னா. ஆசீர்வாதம் வாங்கத்தான் கேக்கறாள்னு நீட்டுனேன். சிட்டத்தை என்ற உள்ளங்கைல வெச்சு, வெரலை ஒவ்வொண்ணா மடக்கிவிட்டா. மடக்கிட்டு, "எண்ணெய் மாமா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கண்ணுல தண்ணி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பறம் வெளக்கறா. பழைய முறைல சோப்பும் கொதியும் என்ற எண்ணெயைக் கழுவிட்டுப் போயிருமாமா. அதனாலதான் இத்தனை வருசமாத் தெரியலையாமா. இந்த நூலுக்குக் கொழுப்புத் தோலை உரிச்சுட்டாங்களாம், நான் போயி திரும்ப ஒட்ட வெச்சுட்டனாம். அப்ப என்ன அர்த்தம் தம்பி? இத்தனை வருசமா அந்தப் பட்டறை என்ற கையால நல்லா வரல, என்ற கையைக் கழுவிக் கழுவி நல்லா வந்துச்சுன்னு அர்த்தம். தோள்ல தூக்கி வளத்த புள்ள சொல்லுது!

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. தெரியாமத் தொட்டுட்டேன்னு சொன்னாப் போதும். அடுத்த வாரம் மெசினை லாரில திருப்பி ஏத்திருவாங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்களை வரச் சொல்லிட்டாங்க"ன்னு காலைத் தொட வந்துச்சு. நான் எந்திரிச்சு நின்னுக்கிட்டேன். என்ற வாயால என்ற கையைக் கெட்ட கைன்னு சொல்லச் சொல்றியா, அதுக்கு நீ மெசினோட வூட்டுக்குப் போன்னு சொல்லிட்டேன். சொன்னது சரிதான். இப்பவும் சொல்றேன், சரிதான்.

அவ அழுதுட்டுப் போகல. மூஞ்சியத் தொடச்சுட்டுப் போனா. போயி எங்கக்காளைப் புடிச்சுட்டா. எங்கக்கா எப்பவும் என்ற பக்கம்தான், அன்னைக்கு என்ன மாயம் பண்ணுனாளோ, "தம்பி தொட்டதை நான்தான் பாத்துட்டுச் சும்மா நின்னேன்"னு மச்சான்கிட்ட அதுவே சொல்லிருச்சு. கூடப் பொறந்தது! ஒரு ஞாயித்துக்கெழமை, பட்டறைல வேற யாரும் இல்லாதப்ப, திரும்பப் போட்டுப் பாத்திருக்காங்க. ஒரே சீரா வந்துச்சாமா. வெய்யல்ல புடிச்சுப் பாத்தாக்கூட ஒரு திட்டு இல்லியாமா. நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. திருப்பூர்க்காரனும் செருப்பைக் கழட்டிட்டுத் திரும்ப உள்ள வந்துட்டான்.

இன்னிக்குத்தான் அந்த ஆர்டரு ஆரம்பம். பெரிய ஆர்டரு. மச்சான் கண்டிசனாச் சொல்லிட்டாரு, மச்சினன் வந்து முதல் கை வெக்காம தொட்டில தண்ணி விடக்கூடாதுன்னு. நல்ல மனுசன்னு சொன்னனே. நேத்து அந்தப் புள்ள தட்டு எடுத்துட்டு வந்துச்சு. வெத்தலை பாக்கு, பழம், வேட்டி சட்டை, எல்லாம் முறையா. வேட்டிக்கு அடியில என்னமோ வழவழன்னு இருக்குதேன்னு எடுத்துப் பாத்தா, கிளவுசு! "இதை மாட்டிட்டு முதல் கை வெச்சுக் குடுங்க மாமா. உங்க கைக்குப் பெரிய சைசாப் பாத்துத்தான் வாங்குனேன்"ங்குது. சிரிச்சுட்டே சொல்லுது தம்பி. கிண்டல் இல்லையாம், நெசமாலுமே சொல்லுதாம்.

நீங்க சொல்லுங்க. கைராசிக்காரனுக்கு உறை போட்டா அதென்ன கை? கோயில்ல பூசாரி கிளவுசு போட்டுட்டா துண்ணூறு குடுக்கறான்? தாலி எடுத்துக் குடுக்கற தாய்மாமன் கிளவுசு போட்டுட்டா குடுப்பான்? என்னமோ சொல்ல வாயெடுக்கறீங்க. வேண்டாம், சொல்லாதீங்க. நீங்களும் படிச்ச ஆளு.

அதனாலதான் முடிவு பண்ணுனேன். வெடியால எந்திரிச்சேன், குளிச்சேன், அவிய குடுத்த வேட்டியவே கட்டுனேன். பாருங்க, இதேதான். பஸ் ஏறுனேன், அவிநாசிக்கு டிக்கெட் எடுத்தேன். கோயிலுக்குப் போயி சாவகாசமா உக்காந்துட்டு வரப் போறேன். காத்திருக்கட்டும். அந்தப் புள்ளையே சொல்லிருக்கா, அந்த வெளிச்சத்துல வெச்சு எடுத்த நூலை ரொம்ப நேரம் போட்டு வெக்கக்கூடாது, காத்துல கெடக்கக் கெடக்க அந்தக் குணம் கொறைஞ்சுட்டே வரும்னு. வரட்டுமே! நான் வேண்டாம்னா சொன்னேன்? என்னைய விட்டுட்டு அங்க தீக்குச்சி கூட ஒரச மாட்டாங்க. மச்சான் வாசல்லயே நின்னுட்டிருப்பாரு. அக்கா தட்டைப் புடிச்சுட்டு நிக்கும். அவ மூடி வெச்ச தாளுக்குள்ள நூலு பழையபடி மாறிட்டிருக்கும். அப்பத் தெரியும் சென்னியப்பன் யாருன்னு.

பாருங்க, பெருந்துறை. நாலஞ்சு பேரு எறங்கறாங்க. நான் எறங்கறேனா? எறங்கல. திரும்ப அடிக்குது போனு. அக்காதான். அடி, அடி, நல்லா அடி. ஏனுங்க கண்டக்டரே, விசில் குடுங்க, போலாம். என்னத்துக்கு இங்கயே நிக்கறீங்க?

ம்.

அந்தா தெரியுது பாருங்க, புகைக்கூண்டு, அதுதான் நம்ம பட்டறை. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால. புகை வருதுங்களா? எனக்குச் சாளேசரம், கிட்டத்துலதான் தெரியாது, தூரத்துல நல்லாத் தெரியோணும், ஆனா இந்த சன்னல் கண்ணாடி அழுக்கு. வராது. வர வழியில்ல. நீங்க பாத்தீங்களா? வந்தாப்புலயா இருக்குது? அது பக்கத்துப் பட்டறையா இருக்கும்.

போனு நின்னு போச்சு. இந்நேரத்துக்கு இன்னொருக்கா அடிச்சிருக்கோணுமே. அக்கா விடற ஆளு இல்ல, எடுக்கற வரைக்கும் அடிக்கும். சிக்னலு இல்லியோ என்னமோ. இருக்குதே, நாலு கோடும் இருக்குதே. மச்சானுக்கு ஏதாச்சும் ஒடம்புக்கு முடியலையோ. இல்ல தம்பி, ஒண்ணுமில்ல, ஒரு நிமிசம், நானே போட்டுக் கேட்டுக்கறேன். கௌரவம் பாக்கற நேரம் இல்ல இது, ஒடம்பு சங்கதி.

அல்லோ. அக்கா? யாரு, தாரணியா? உங்கம்மா எங்க? ஏன் சத்தமா இருக்குது அங்க? என்ன மெசினு ஓடற சத்தம்? ஆ? ம். ம். நான் பஸ்ல இருக்கேன், வண்டி லேட்டு, நான் என்ன பண்றது? ம். சரி. யாரு? உங்கப்பனா? உங்கம்மாளா? அந்தத் திருப்பூர்க்காரனா? அப்படியா. சரி. வெச்சுரு.

சாப்பாடு இருக்குதாம், வந்துருங்க மாமான்னு சொல்றா. குரல்ல கோவம் கூட இல்ல தம்பி. அப்பா எவ்வளவோ நேரம் காத்திருந்து பாத்தாங்க, நூலு காத்திருக்காதுங்க மாமா, அப்பாவே போடச் சொல்லிட்டாங்கங்கறா. அவியளே சொல்லிட்டாங்களாம். யாரு முதல் கை வெச்சதுன்னு கேட்டேன். உங்கப்பனா, உங்கம்மாளா, அந்தத் திருப்பூர்க்காரனான்னு கேட்டேன். யாரும் கையே வெக்கலீங்க மாமா, அப்படியே எறக்கிட்டோம்ங்கறா.

எவனாச்சும் ஒருத்தன் வெச்சிருந்தா, இப்பவே எறங்கிப் போயி அவங்கூட மல்லுக்கட்டிருப்பேன் தம்பி. யாருமே வெக்கலைங்கறாளே, நான் யாருகிட்டப் போயி சண்டை போடறது?